பொத்தையை விடாத ஹவில்தார்

அந்தப் படத்தின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஹவில்தாருக்கும் தெரியாது. "மலைப்படம்" என்பார். ராணுவத்தில் இருந்தபோது வடக்கே ஏதோ ஒரு முகாமில், திறந்தவெளியில் வெள்ளைத்துணி கட்டிப் போட்டுக் காட்டிய பழைய இங்கிலீஷ் சண்டைப்படம். ஓய்வு பெற்று ராஜபாளையத்துக்கு வந்த பிறகு, செல்போன் கடைக்காரர் ஒருவரிடம் கதையை மட்டும் சொல்லி, அதை எங்கிருந்தோ தேடி எடுக்க வைத்து, பென் டிரைவில் வாங்கிக்கொண்டார். அவர் வீட்டுக்குப் போனவர்கள் யாரும் அதைப் பார்க்காமல் திரும்பியதில்லை. கேஸ் கட்டில் கையெழுத்து வாங்கப் போன நானே நாலு முறை பார்த்திருக்கிறேன்.

கதை சின்னது. ஒரு மொட்டை மலை இருக்கிறது. அது யாருக்கும் எதற்கும் உதவாது. ஒரு கூடாரத்தில் இரண்டு தரப்புப் பெரிய அதிகாரிகளும் மேஜை போட்டுச் சமாதானம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் சண்டையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வரவில்லை. அதனால் சிப்பாய்கள் மலையில் ஏறுகிறார்கள், சாகிறார்கள், இறங்குகிறார்கள், மறுபடி ஏறுகிறார்கள். நாளைக்கோ நாளை மறுநாளோ கையெழுத்தாகிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் ஏறுகிறார்கள்.

டிவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு ஹவில்தாரே எல்லாருக்கும் குரல் கொடுப்பார். அந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அத்தனை பேரும் எங்கள் ஊர்த் தமிழ் பேசினார்கள். "ஏலே, குனிஞ்சு போலே, தலைய நீட்டாத" என்று ஒருவன் கத்துவான். அடிபட்டுக் கிடக்கிறவன், ஆத்தாவிடம் சொல்லிவிடச் சொல்லி அழுவான். படத்தில் அவன் உண்மையில் என்ன சொன்னானோ, யார் கண்டது. கூடாரம் வந்ததும் ஹவில்தார் படத்தை நிறுத்திவிடுவார். அந்த இடத்தைத் தாண்டிப் போக அவருக்கு மனசு வராது.

"இங்க பாருங்க வக்கீலம்மா. சட்டையில ஒரு மடிப்புக் கலையல. மேல ஒருத்தனுக்குக் குடிக்கத் தண்ணி இல்ல, இவன் இங்க உக்காந்து டீ குடிக்கான். இந்த மேஜையத் தூக்கி மலை மேல போடணும். அரை மணி நேரத்துல கையெழுத்து ஆயிரும்."

இப்படிச் சொன்ன மனிதர் அப்போது எட்டு வருஷமாக ஒரு மொட்டைப் பாறைக்காகக் கோர்ட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நான் அவருடைய வக்கீலுக்கு ஜூனியர். சிரிப்பு வந்துவிடாமல் இருக்க மிக்சரை வாய் நிறையப் போட்டுக்கொள்வேன்.

ஹவில்தாருக்கு அறுபத்து நாலு வயது. வேட்டிக்குக் கீழே கான்வாஸ் ஷூ. கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டியிருப்பார். தோப்பில் தேங்காய் பொறுக்கப் போனாலும் இஸ்திரி போட்ட சட்டைதான். பேச்சில் மரியாதை குறையவே குறையாது. ஆனால் ஒரு சமாதானப் பேச்சு தொடங்கிவிட்டது என்று அவர் காதில் விழுந்தால் போதும், அந்த நிமிஷத்திலிருந்து மனிதர் மும்முரமாகிவிடுவார். சண்டை நடக்கும்போதுகூட அவ்வளவு மும்முரம் கிடையாது.

ஒரு முறை அவருக்கும் அவர் மனைவிக்கும் சாம்பாரில் தொடங்கி என்னவோ தகராறு. பக்கத்து வீட்டு அம்மாள் வந்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து நல்ல வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தாராம். அவர் பேசப் பேச, ஹவில்தார் எழுந்து போய்க் கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு டேபிள் ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். டிவி ரிமோட்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பேச்சு முடிகிறபோது யார் கையில் என்ன இருக்கிறதோ அதுதான் அவரவருக்கு என்பது அவருடைய கட்சி. அவர் மனைவி சளைத்தவரா என்ன, அதே நேரத்தில் காப்பித்தூள் டப்பாவோடு அடுக்களையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

இன்னொரு முறை அவர் தெருவில் வேகத்தடை போட வேண்டும் என்று பேச்சு நடந்தது. தெருக்காரர்கள் ஒரு குழுவாகப் போய் அதிகாரிகளைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்த அந்த ஒரு வாரமும், இவர் தெருமுனையில் இரண்டு தென்னந்தடியைக் குறுக்கே போட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வேகத்தடைக்கு உத்தரவு வந்த அன்று, கையெழுத்தான தாளைத் தன் கண்ணால் படித்துப் பார்த்தார். உடனே தடிகளை உருட்டி ஓரமாகப் போட்டார், வண்டிக்காரர்களிடம் சிரமத்துக்கு மன்னிப்புக் கேட்டார், நாற்காலியை மடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். கையெழுத்துக்குப் பிறகு அவர் யாரோடும் ஒரு வார்த்தை சண்டை போட்டதில்லை. இதுவும் அவர் குணத்தில் சேர்ந்ததுதான். கையெழுத்தானால் எல்லாம் முடிந்தது.

இனி அந்தப் பாறையின் கதை. ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோவிலுக்குப் போகிற பக்கத்தில் அவருக்கு ஒரு தென்னந்தோப்பு. அதை ஒட்டி அவருடைய சித்தப்பா மகனுக்கு ஒரு தோப்பு. இரண்டுக்கும் நடுவில் ஒரு பொத்தை. பொத்தை என்றால் எங்கள் பக்கம் தனியாக நிற்கிற சின்னக் கல்மலை. இது மூன்று மாடி உயரம் இருக்கும். தாத்தா காலத்துப் பாகப்பிரிவினையில் தென்னையை எண்ணி எழுதினார்கள், கிணற்றை எழுதினார்கள், களத்தை எழுதினார்கள். பொத்தையை எழுத மறந்துவிட்டார்கள். மறந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. புல் முளைக்காத கல்லை ஒரு சொத்து என்று நினைக்க அவர்களுக்குத் தோன்றவில்லை. அறுபது வருஷம் யாரும் அதைப் பற்றிக் கேட்கவுமில்லை.

தம்பி முறையான அந்தச் சித்தப்பா மகன் ஹவில்தாரைவிட எட்டு மாதம்தான் இளையவர். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். இவர் ராணுவத்துக்குப் போனார், அவர் ஊரில் பாண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறி போட்டார். தம்பியின் மகளுக்குக் கல்யாணம் வந்தபோது, அண்ணன் முகாமில்தானே இருக்கிறார் என்று பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டார். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் அண்ணன் லீவில் ஊருக்கு வந்து இறங்கினார். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துத் தம்பி நேரில் வந்து அழைப்பான் என்று காத்திருந்தார். பத்திரிகைதான் போய்ச் சேர்ந்துவிட்டதே, வந்துவிடுவார் என்று தம்பி கல்யாண வேலையில் ஓடிக்கொண்டிருந்தார். மணமேடையில் பெரியப்பா நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அத்தோடு பேச்சு நின்றது. ஓய்வு பெற்று வந்த பிறகும் பத்துப் பன்னிரண்டு வருஷம் இரண்டு பேரும் ஒரே ஊரில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்கள்.

அப்புறம் ஒரு நாள் ஹவில்தார் எங்கள் ஆபீசுக்கு வந்து, பொத்தை தனக்குத்தான் சொந்தம் என்று தம்பி மேல் கேஸ் போடச் சொன்னார். என் சீனியர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். அந்தக் கல்லை ஜெயித்து என்ன செய்யப்போகிறீர்கள் என்றும் கேட்டார். "அத நான் பாத்துக்கிடுதேன், நீங்க போடுங்க" என்று முடித்துவிட்டார்.

கேஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில். வாய்தா அன்று ராஜபாளையத்தில் காலை ஒன்பது மணி பஸ்ஸில் அண்ணன் டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் இருப்பார். தம்பி கடைசி சீட்டில். நானும் பெரும்பாலும் அதே பஸ்தான். கோர்ட்டு எதிரே இருக்கிற டீக்கடையில் ஆளுக்கொரு பெஞ்சு. இருவருக்கும் சீனி கம்மி. கேஸைக் கூப்பிட்டு இன்னொரு தேதிக்குத் தள்ளி வைத்ததும், திரும்பவும் அதே பஸ்ஸில் முன்னும் பின்னுமாக ஊருக்கு வருவார்கள். ஒரு தடவை தம்பியின் கண்ணாடி தவறி விழுந்து, பஸ் பிரேக் போட்டதில் வழுக்கிக்கொண்டே முன்சீட்டு வரை வந்துவிட்டது. ஹவில்தார் அதை எடுத்து, தன் துண்டால் துடைத்து, கண்டக்டரிடம் நீட்டி, பின்னால் இருக்கிற அவிய கண்ணாடி, கொடுத்துவிடுங்கள் என்றார்.

வாய்தா கிடைத்தால் சந்தோஷப்படுகிற கட்சிக்காரரை நான் அவர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் தேதி தள்ளிப்போனால் எங்களைக் கரித்துக் கொட்டுவார்கள். இவர் பால்கோவா வாங்கி வந்து ஆபீஸ் முழுக்கக் கொடுப்பார். எட்டு வருஷத்தில் நான் எடை கூடியதற்கு அந்தப் பொத்தைதான் காரணம்.

கடைசியில் நீதிபதி அலுத்துப்போய், இரண்டு பேரும் வயசாளிகள், உறவுக்காரர்கள், பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று கேஸைச் சமரச மையத்துக்கு அனுப்பினார். கோர்ட்டு வளாகத்திலேயே ஒரு அறை. அதில் ஒரு வட்ட மேஜை. மூத்த வக்கீல் ஒருவர்தான் சமரசம் பேசுகிறவர். சாந்தமான மனிதர். எதிரே இருக்கிறவர் கத்தக் கத்த இவர் குரல் இறங்கிக்கொண்டே போகும். முதல் நாள் நல்லபடியாகவே போனது. இருவரும் மேஜையைப் பார்த்துக்கொண்டு, அவரிடம் சொல்லுங்கள், இவரிடம் சொல்லுங்கள் என்று மூன்றாம் மனிதர் வழியாகவே பேசினார்கள். வெளியே வந்ததும் ஹவில்தார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பேச்சு நடக்கிறபோது சண்டையை நிறுத்தச் சொல்லி எழுத்து மூலமாக உத்தரவு ஏதும் உண்டா என்று கேட்டார். நான் யோசிக்காமல், அப்படி ஒன்றும் எழுதித் தரவில்லை என்று சொல்லிவிட்டேன். என் தப்புதான்.

மறுநாள் விடிகிற நேரத்தில் அவர் பொத்தையில் ஏழு வேப்பங்கன்று நட்டார். கல் இடுக்கில் சிமெண்டுச் சாக்கில் மண் சுமந்து கொண்டுபோய்க் கொட்டி, குடத்தில் தண்ணீர் ஏற்றி நட்டார். யார் அனுபவத்தில் இடம் இருக்கிறது என்பது கோர்ட்டில் பெரிய விஷயம். செடி நட்டுத் தண்ணீர் ஊற்றினால் அனுபவித்து வருவதாகக் காட்டலாம் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறார். அதற்கு மறுநாள் தம்பி கிழக்குப் பக்கமாக ஏறிப் பத்துப் புங்கங்கன்று நட்டார். அதற்கு மறுநாள் இவர் இன்னும் எட்டு. எந்தக் காலத்திலும் ஒரு பச்சை இலை பார்க்காத அந்தக் கல், இரண்டு கிழவர்களின் வீம்பினால் ஒரு மாதத்தில் நாற்றுப்பண்ணை மாதிரி ஆகிவிட்டது.

தினமும் காலையில் எனக்கு வாட்ஸ்அப்பில் அறிக்கை வரும். "ஐந்து நாற்பது. எதிரி இரண்டு குடம் தண்ணீர் ஏற்றினார். மூட்டு வலி இருப்பதாகத் தெரிகிறது." "ஐந்து ஐம்பது. எதிரி நம்மைப் பார்த்தார். நாம் பார்க்கவில்லை." "ஆறு மணி. எதிரியின் மூன்றாவது கன்று துளிர் விட்டுள்ளது." கூடவே படம். படத்தில் செடி பாதி, அவருடைய கட்டைவிரல் பாதி. நான் பல் தேய்த்துக்கொண்டே படித்துவிட்டுச் சிரிப்பேன். ஜெயிக்கிற கேஸ் என்று எனக்கு அப்போது ஒரு மிதப்பும் இருந்தது.

இரண்டாவது அமர்வுக்கு முன்னால், எதிர்த்தரப்பு வக்கீல் கேன்டீனில் வைத்து என்னிடம் ஒரு விஷயம் சொன்னார். தம்பிக்கு மனைவி இறந்து மூன்று வருஷம் ஆகிறது. மகன் கோயம்புத்தூரில் பம்பு கம்பெனியில் வேலை. அப்பாவைத் தனியாக விட முடியவில்லை. கேஸ் முடிந்தால் தோப்பை விற்றுவிட்டு அவரைத் தன்னோடு கூட்டிப்போய்விடுவான். அதனால்தான் சீக்கிரம் முடிக்கப் பார்க்கிறார்கள், நீங்களும் ஒத்துழையுங்கள் என்றார். நல்ல செய்தி என்று நினைத்து நான் அதைக் கோர்ட்டுப் படியில் வைத்து ஹவில்தாரிடம் அப்படியே சொன்னேன். அவர் குனிந்து ஷூ லேஸைக் கட்டத் தொடங்கினார். ஏற்கெனவே கட்டியிருந்த லேஸ்தான். வெகுநேரம் கட்டினார்.

அன்றிலிருந்து அவர் சமரசத்துக்கு ஒரு தடை சொல்லாத நாள் கிடையாது. தாத்தாவின் பத்திரத்து அசல் வேண்டும் என்றார். வந்தது. பொத்தையை மறுபடி அளக்க வேண்டும் என்றார். அளந்தார்கள். அளந்தவர் மேற்கிலிருந்து தொடங்கினார், கிழக்கிலிருந்து அளந்தால் என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும் என்றார். நாலாவது அமர்வில், மேஜை வட்டமாக இருக்கிறது, எந்தப் பக்கம் யாருடையது என்று தெரியவில்லை, சதுர மேஜை இருந்தால்தான் உட்காருவேன் என்றார். என் சீனியர் என்னைக் கூப்பிட்டு, உன் கட்சிக்காரருக்கு மூளை குழம்பிவிட்டதா என்று கேட்டார்.

கோபத்தோடுதான் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் தோப்பில் இருந்தார். அவர் மனைவி காப்பி கொடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, இன்னுமா உனக்கு விளங்கல? அவிய கோயம்புத்தூருக்குப் போயிட்டா இவிய காலையில எந்திரிச்சு யாருக்காகப் பொத்தை ஏறுவாக? மாசம் ஒருக்கா அந்தத் தம்பி மொகத்தப் பாக்கத்தான் இம்புட்டும். எங்கிட்டச் சொல்லமாட்டாக. எனக்குத் தெரியாதா?"

நான் காப்பியைக் கீழே வைத்தேன். எட்டு வருஷம் அந்தக் கேஸ் கட்டைத் தூக்கிச் சுமந்தவள், சட்டம் படித்தவள், எனக்கு இது தோன்றவேயில்லை. வெட்கமாக இருந்தது. ஹவில்தார் வந்ததும் நேரடியாகவே சொன்னேன். தம்பி வீட்டுக்குப் போய், போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், கேஸும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றேன். அவர் என்னை, போர்க்களத்தைவிட்டு ஓடச் சொன்னவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அவன் வீட்டுப் படியை எப்படி மிதிப்பேன், அவன் அல்லவா வந்து கூப்பிட வேண்டும் என்றார். இருபது வருஷமாகக் காத்திருக்கிறவர் இன்னொரு இருபது வருஷம் காத்திருக்கவும் தயார்தான். ஆனால் மகன் காத்திருக்கத் தயாராக இல்லை.

அதற்கு அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் அறிக்கை இப்படி வந்தது. "ஆறு மணி. எதிரி வரவில்லை." ஆறரைக்கு மறுபடியும், "எதிரி இன்னும் வரவில்லை." ஏழு மணிக்கு, "எதிரிக்குக் காய்ச்சல் என்று பால்காரர் சொன்னார். வெயில் ஏறுகிறது. எதிரியின் கன்றுகளுக்கும் தண்ணீர் ஊற்றினேன். இதனால் நம் கேஸுக்குப் பாதகம் உண்டா? எதிர்த்தரப்புக்குச் சொல்ல வேண்டாம்." பாதகம் இல்லை என்று பதில் போட்டேன். நாலு நாள் அவர் இரண்டு பக்கமும் தண்ணீர் சுமந்தார். அந்த நாலு நாளும் அறிக்கையோடு படமே வரவில்லை, கட்டைவிரல்கூட இல்லை. காய்ச்சல் தணிந்து தம்பி மேலே வந்த அன்று தன் கன்றுகள் வாடாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறார். வெகுநேரம் கையில் குடத்தோடு அப்படியே நின்றாராம். அறிக்கையில் அதையும் எழுதியிருந்தார் ஹவில்தார். "எதிரி சந்தேகப்படுகிறார்" என்று முடித்திருந்தார்.

காய்ச்சல் விஷயம் தெரிந்து மகன் பதறிவிட்டான். இனி ஒரு நாளும் தாமதிக்க முடியாது என்று சமரசம் பேசுகிறவரைப் போய்ப் பார்த்து, அடுத்த அமர்விலேயே முடித்துத் தரச் சொன்னான். ஹவில்தாரிடம் கேட்டதற்கு, பொத்தை மேலே வைத்தால் வருகிறேன், கீழே வைத்தால் வரமாட்டேன் என்றார். வழக்கத்தில் இல்லாத விஷயம் அது. ஆனால் அந்த மூத்த வக்கீலுக்கும் அந்தப் பொத்தையை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்திருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை காலையில் ராஜபாளையத்துக்கே வந்துவிட்டார்.

ஐந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை மேலே ஏற்றுவதற்குள் எல்லாருக்கும் மூச்சு வாங்கிவிட்டது. மேற்கே மலைத்தொடரில் மேகம் தொங்கிக்கொண்டிருந்தது. எங்களைச் சுற்றி முழங்கால் உயரத்தில் ஒரு பக்கம் வேம்பு, ஒரு பக்கம் புங்கை. சமரசம் பேசுகிறவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். எத்தனை என்று அவர் கேட்டதற்கு இருவருமே ஒரே நேரத்தில், தன் கணக்கை விட்டுவிட்டு மற்றவருடைய கன்றுகளின் எண்ணிக்கையைச் சொன்னார்கள்.

மகன் நின்றுகொண்டே பேசினான். வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டதாகவும், பொத்தை முழுவதையும் பெரியப்பாவே எடுத்துக்கொள்ளட்டும் என்றும், தங்களுக்கு அதில் ஒரு கல்லும் வேண்டாம் என்றும் சொன்னான். தட்டச்சு செய்த தாளையும் எடுத்து நீட்டினான். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வருகிற வெள்ளிக்கிழமைக்குத் தனக்கும் அப்பாவுக்கும் கோயம்புத்தூர் பஸ்ஸில் சீட்டுப் போட்டாயிற்று என்று மகன் என்னிடம் மெல்லச் சொன்னான்.

தடை சொல்ல ஹவில்தாருக்கு இனி ஒன்றும் மிச்சமில்லை. கேட்டது அத்தனையும் கிடைத்துவிட்டது. தாளை என்னை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். மூன்றாவது முறையும் வாசித்தேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்து, தாளை முழங்காலில் வைத்துக்கொண்டார். காற்றில் தாள் படபடத்தது. பேனாவை மூடித் திரும்பவும் பையில் செருகினார்.

"எனக்கு வேண்டாம்."

எட்டு வருஷமாகக் கேட்டது இதைத்தானே என்று சமரசம் பேசுகிறவர் மெதுவான குரலில் கேட்டார். ஹவில்தார் அவரைப் பார்க்கவில்லை. புங்கங்கன்றுகள் இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

"அவன் இல்லாத பொத்தைய வச்சு நான் என்ன செய்ய?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் கண் கலங்கியதைக் கட்சிக்காரர் பார்க்கக் கூடாது என்று சீனியர் சொல்லிக் கொடுத்திருந்தார். தம்பி நாற்காலியிலிருந்து எழுந்தார். இவரிடம் சொல்லுங்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. நேராக அண்ணன் முன்னால் வந்து நின்றார்.

"பொறவு எதுக்குண்ணே எட்டு வருசமா என்னையக் கோர்ட்டுக்கு இழுத்த?"

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பியாலே?"

தம்பி கண்ணாடியைக் கழற்றினார், சட்டை நுனியால் துடைத்தார், மாட்டிக்கொண்டார், மறுபடி கழற்றினார். பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியை இழுத்து அண்ணனுக்கு அருகில் போட்டு உட்கார்ந்தார். அண்ணன் முழங்காலில் இருந்த தாளை எடுத்து நாலாக மடித்து மகனிடமே திருப்பிக் கொடுத்தார். தன்னால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்பதுபோல இரண்டு கையையும் விரித்தார்.

"கேஸ் இருக்குல்லாப்பா. இத இப்படியே விட்டுட்டு நான் எப்படிக் கோயம்புத்தூருக்கு வர?"

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வக்கீலம்மா, அடுத்த வாய்தா என்னைக்குன்னு செத்த பாத்துச் சொல்லுங்க."